கண்ணீர்க் குப்பிகள் அல்ல

அனைவருக்கும் வணக்கம்.

ரோமானியக் கல்லறைகளில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் நிறையக் கிடைக்கும். ஒல்லியான நீண்ட கழுத்து, கீழே கொஞ்சம் பருத்த வயிறு. ஐரோப்பாவில் பழம்பொருள் சேகரித்தவர்கள் இவற்றுக்குக் 'கண்ணீர்க் குப்பி' என்று பேர் வைத்தார்கள். இறந்தவருக்காக அழுதவர்கள் தங்கள் கண்ணீரை இதில் பிடித்துக் கல்லறையில் வைத்தார்களாம். கண்ணீரைத் தோல் துருத்தியில் சேர்த்து வைக்கும்படி கடவுளிடம் கேட்கும் வரி ஒன்று பைபிளின் சங்கீதத்தில் இருப்பதும் இந்தக் கதைக்குத் துணையாகிவிட்டது.

கதை அழகானதுதான், ஆனால் உண்மையில்லை. இந்த வகைக் குப்பிகளில் ஒட்டியிருந்ததைச் சோதித்துப் பார்த்தபோது எண்ணெயும் வாசனைத் தைலமும்தான் தெரியவந்தன. இதே வேலைக்கு முதலில் மண் குப்பிகள்தான் இருந்தன. கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கடற்கரைப் பக்கம் கண்ணாடியை ஊதி உருவாக்கும் நுட்பம் வந்தது. அப்புறம் கண்ணாடி மலிந்து, சாதாரண வீட்டுக்காரரின் கல்லறைக்கும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு அந்தக் கதையோடு ஒரு சண்டை உண்டு. அது அழுகையை மட்டும் நமக்குக் காட்டிவிட்டு, வேலையை மறைத்துவிடுகிறது. சாவு விழுந்த வீட்டில் யாரோ குளிப்பாட்ட வேண்டும், யாரோ எண்ணெய் தடவ வேண்டும், துணி சுற்ற வேண்டும். அந்தக் கைகளின் தடம் ஈமக்கலங்களில் இருக்கிறது. அதனால் கலத்தின் அழகைவிட, அது எங்கே துளைக்கப்பட்டது, எங்கே வெட்டப்பட்டது, உள்ளே எதை ஊற்றினார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

ஏதென்ஸில் கெராமைக்கோஸ் என்று ஒரு பகுதி. குயவர்கள் குடியிருந்ததும் அங்கேதான், நகரத்தின் பெரிய இடுகாடும் அங்கேதான். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அங்கே புதைகுழிகளின் மேல் ஆளுயரச் சாடிகளை நட்டு வைத்தார்கள். கோடும் கட்டமுமாக நிறைந்த ஓவியத்தின் நடுவே கட்டிலில் கிடத்திய உடல். இரண்டு பக்கமும் தலையில் கைவைத்து அழுகிறவர்கள். சில பெரிய கலங்களின் அடியில் துளை இருக்கும். மேலே ஊற்றுவது அதன் வழியே இறங்கி, மண்ணுக்குள் கிடப்பவரிடம் போய்ச் சேரட்டும் என்று.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதே ஊரில் லெக்கிதோஸ் என்ற ஒடுங்கிய எண்ணெய்க் குடுவை வருகிறது. மேலே வெள்ளைக் களிமண் பூச்சு. வண்ணங்களில் சிலவற்றைச் சூளையில் சுட்ட பிறகுதான் தீட்டினார்கள், அதனால் அவை எளிதில் உதிர்ந்துவிடும். அன்றாடப் புழக்கத்துக்கு உதவாத கலம், கல்லறைக்கென்றே செய்தது. ஒரு பெண் கூடையோடு கல்லறைக்கு வருவதையும், நடுகல்லில் நாடா கட்டுவதையும், அதன் படிகளில் இதே குடுவைகள் வரிசையாக நிற்பதையும் அந்தக் குடுவையிலேயே வரைந்தார்கள்.

சிலவற்றுக்கு உள்ளே இன்னொரு குட்டிக் கிண்ணம் இருக்கிறது. கழுத்தோடு ஒட்டிய அந்தக் கிண்ணத்தில் ஊற்றினாலே போதும், குடுவை நிறைந்ததுபோல் தெரியும். சுடும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேற, உடலில் ஒரு சிறு துளையும் விட்டிருக்கிறார்கள். இதைக் கஞ்சத்தனம் என்றோ ஏமாற்று என்றோ சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வாசனை எண்ணெய் விலை கூடியது. செத்தவருக்கு வெறுங்கையோடு போகவும் கூடாது. அந்த நெருக்கடிக்குக் குயவர் கண்டுபிடித்த வழி இது.

கி.மு. 430-இல் ஏதென்ஸைக் கொள்ளைநோய் தாக்கியது. அடுத்தவர் அடுக்கி வைத்த சிதையில் தங்கள் பிணத்தைப் போட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி அக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். 1994-95இல் மெட்ரோ ரயில் வேலையின்போது, கெராமைக்கோஸ் பக்கத்தில் அந்தக் காலத்துக் கூட்டுப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அவசர அவசரமாகப் போட்டிருக்கிறார்கள், உடல்களுக்கு நடுவே மண்கூட இல்லை. அந்தக் குழியிலும் மலிவான சில குடுவைகள் இருந்தன. பச்சிளங்குழந்தைகளை மட்டும் தனித்தனிப் பானைக்குள் வைத்திருந்தார்கள். ஊரே நிலைகுலைந்து கிடந்த நேரத்தில், ஒரு பானை தேடி எடுக்க யாருக்கோ மனம் இருந்திருக்கிறது.

இது அந்த ஒரு குழியோடு முடியவில்லை. ஏஜியன் கடலில் அஸ்டிபாலயா என்ற தீவில், பானைகளில் புதைத்த 2,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் பிறந்த கையோடு இறந்தவை. பானைகள் புதிதாகச் செய்தவை அல்ல. ஒயினும் எண்ணெயும் கப்பலில் ஏற்றிவந்த சாடிகள். வாய் குறுகலானதால் பக்கவாட்டில் வெட்டித் திறந்து, குழந்தையை உள்ளே வைத்து, வெட்டியெடுத்த துண்டையே திரும்பப் பொருத்தி மூடியிருக்கிறார்கள். சுட்ட மண் உடையாமல் அந்தத் துண்டை எடுப்பது லேசான காரியமா?

கடைசியாக ஸ்பெயினுக்கு வருவோம். செவில் அருகே கார்மோனாவில், 2019-இல் ஒரு வீட்டைப் புதுப்பிக்கும்போது சீண்டப்படாத ரோமானிய நிலவறைக் கல்லறை ஒன்று தெரியவந்தது. மாடங்களில் அஸ்திக் கலங்கள். ஒன்று ஈயப் பெட்டிக்குள் வைத்த கண்ணாடிக் கலம். அதில் ஓர் ஆணின் எரிந்த எலும்புகளும், ஒரு தங்க மோதிரமும், ஐந்து லிட்டர் அளவுக்குச் செந்நிறத் திரவமும் இருந்தன. கோர்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, வெள்ளை ஒயின் என்று 2024-இல் அறிவித்தார்கள். சிவப்பு ஒயின் சிதையும்போது உண்டாகும் சிரிஞ்சிக் அமிலம் அதில் இல்லை. சுமார் 2,000 ஆண்டுகளாகத் திரவமாகவே இருந்த ஒயின்! இதற்கு முன் மிகப் பழையது என்று சொல்லப்பட்டது, ஜெர்மனியில் ஷ்பையர் அருகே ஒரு கல்லறையில் 1867-இல் கிடைத்த கி.பி. நான்காம் நூற்றாண்டுக் கண்ணாடிப் புட்டி. கார்மோனாவின் இன்னொரு கலத்தில், ஒரு பெண்ணின் அஸ்தியோடு, படிகத்தில் குடைந்த சின்ன வாசனைக் குப்பியும் இருந்தது. உள்ளே பச்சோலித் தைலம். அந்தச் செடி ஆசியாவுடையது, அவ்வளவு தூரம் பயணப்பட்ட வாசனை.

மூடி இறுக்கமாக இருந்ததாலும், எடுத்தவர்கள் உடனே கழுவாததாலும்தான் நமக்கு இவ்வளவும் தெரியவந்தது. அருங்காட்சியகங்களில் பளபளவென்று நிற்கும் எத்தனையோ குப்பிகளை நல்லெண்ணத்தோடு தேய்த்துக் கழுவிவிட்டார்கள். அவற்றில் எந்தத் தைலம் இருந்தது என்று இனிக் கண்டுபிடிப்பது கடினம். இங்கே அகழாய்வில் வேலை செய்யும் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். குழியில் கலம் தென்பட்டால், உள்ளே இருக்கும் மண்ணைத் தட்டிக் கொட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணோடு கட்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.