டிஸ்க் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த வயரைப் பாருங்க

வணக்கம் மக்களே! போன வீடியோல எடிட்டிங் நடுவுல ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நின்னுச்சுல்ல? கமெண்ட்ல பாதிப் பேர் "டிஸ்க் காலி, புதுசு வாங்குங்க"ங்கறீங்க. மீதிப் பேர், விண்டோஸ்ல டிஸ்க்கைச் சோதிக்கற கட்டளை இருக்கே, அதைச் சொல்லி "செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போடுங்க". கேபிளைப் பாருன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா? கடுப்பாகுதுப்பா!

நான் மொதல்ல திறந்தது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தன் பிரச்சனையையெல்லாம் நம்பர் போட்டு குறிச்சு வைக்கற இடம். சிஸ்டம் லாக்ல 129, 153னு வரிசையா நிக்குது. 129ன்னா டிஸ்க்கு பதிலே சொல்லல, விண்டோஸ் ரீசெட் பண்ணிருக்கு. 153ன்னா படிக்கவோ எழுதவோ போனது நடக்காம மறுபடி முயற்சி பண்ணிருக்கு. பேட் பிளாக்னு சொல்ற 7 ஒன்னுகூட இல்ல. அங்கயே எனக்கு, தப்பு டிஸ்க்குல இல்லையோன்னு சந்தேகம் வந்துருச்சு.

அடுத்து கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டற சாஃப்ட்வேர். நீலக் கலர்ல 'குட்'னு காட்டுது. அதை நம்பாதீங்க, கீழ இருக்கற லிஸ்ட்டைப் பாருங்க. 05 இருக்கே, கெட்டுப்போன செக்டருக்கு (டேட்டா இருக்கற சின்னக் கட்டம்) பதிலா மாத்துனது, அது ஜீரோ. சி5, படிக்க முடியாம காத்துக்கிட்டு இருக்கறது, ஜீரோ. சி6, படிக்கவே முடியாமப் போனது, அதுவும் ஜீரோ. சி7ல மட்டும் பி4ன்னு இருக்கு. இந்த சாஃப்ட்வேர் மேல எனக்கு ஒரே கோபம் இதான், நம்பரையெல்லாம் ஹெக்ஸ்லயே, அதாவது எழுத்து கலந்த 16 அடிமான முறையிலயே காட்டும். மனுஷன் படிக்கற மாதிரி காட்டுனா என்னவாம்? பி4ன்னா 180. ஃபங்க்‌ஷன் மெனுல அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதுக்குள்ள ரா வேல்யூஸ், அங்க 10ன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுத்தா சாதாரண எண்ணா வந்துரும்.

சி7ங்கறது சிஆர்சி எரர். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா போற வழியில சிதைஞ்சுருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் கேபிள்தான்.

பக்கவாட்டு மூடியைக் கழட்டுனேன். இதோ பாருங்க, கேமரா கிட்ட காட்டுறேன். டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கற சிவப்பு சாட்டா கேபிள், கழண்டுராம பிடிச்சு வைக்கற லாட்ச்சே கிடையாது! வெறும் பிளாஸ்டிக் தலை. மூடி அழுத்தி அழுத்தி, தலைக்குக் கீழயே மடிஞ்சு கிடக்கு, விரலால லேசா தொட்டாலே ஆடுது. லாட்ச் இல்லாத கேபிளை எவன்தான் கண்டுபிடிச்சானோ! இப்ப புதுசைப் பாருங்க, மேல சின்ன உலோக நாக்கு. சத்தத்தைக் கேளுங்க... டக்! இன்னொரு தடவை... டக்! ஆஹா. எல் வளைவுத் தலை வேற, மூடி இடிக்கவே இடிக்காது.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். இதையெல்லாம் தொடறதுக்கு முன்னாடியே தேவையான ஃபைலை வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டேன். அப்புறம் ஷட்டவுன், ப்ளக்கைப் பிடுங்கி வச்சுட்டுத்தான் மூடியையே கழட்டுனேன். கேபிளை மட்டும் மாத்துனேன், மதர்போர்டுல அது சொருகற போர்ட் அதேதான். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்துனா எது குத்தம்னே தெரியாது.

சி7 குறையும்னு எதிர்பார்க்காதீங்க, அது மொத்தக் கணக்கு, இறங்காது. ஏறுதான்னு மட்டும் பாருங்க. நான் ஒரு பெரிய வீடியோ ஃபோல்டரை அப்படியே காப்பி போட்டேன். 180, அங்கயே நிக்குது. 129ம் வரல, 153ம் வரல. ஏறியிருந்தா அடுத்து வேற போர்ட்ல சொருகியிருப்பேன், அப்புறம் பவர் கேபிள், அதுலயும் ஒரே வயரைப் பிரிச்சுக் குடுக்கற ஸ்ப்ளிட்டர் இருந்தா மொதல்ல அதைத் தூக்குவேன்.

இப்ப செக்டிஸ்க் கோஷ்டிக்கு வர்றேன். 05ம் சி5ம் ஏறிக்கிட்டே இருக்கற டிஸ்க்ல ஸ்லாஷ் ஆர் போடாதீங்க. அது மொத்த டிஸ்க்கையும் படிக்கும், சாகக் கிடக்கறதை ஓட விடற கதை. லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு கெட்டுப்போற டிஸ்க்லேர்ந்து டேட்டாவை மீட்கற டூல் இருக்கு, நல்லா இருக்கற பகுதியை மொதல்ல எடுத்துட்டு, அடம் பிடிக்கறதுக்கு அப்புறமா வரும். எதுவரைக்கும் எடுத்துச்சுன்னு குறிச்சு வைக்கற மேப் ஃபைல் குடுத்தா பாதியில நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். டிக் டிக்னு சத்தம் வந்தா அதுவும் வேணாம், உடனே ஆஃப்.

பழைய கேபிளைக் கத்திரியால ரெண்டா வெட்டிட்டேன். என் வயர் டப்பா பத்தி உங்களுக்குத் தெரியும், உள்ள போட்டா அடுத்த பிசில அதான் உக்காரும்.

உங்க சி7 எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க. 05ம் சி5ம் சேர்த்துப் போடுங்க. ஹெக்ஸ்ல போட்டா படிக்க மாட்டேன்!