லாரி எங்கே நின்றது?

நேயர்களுக்கு அன்பு வணக்கம். வாகனங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "நான் நேரே ஆலைக்குத்தான் போனேன், அண்ணே. லிந்தாங் பக்கம் ஒரு மணி நேரம் நின்றதாக ஆபீஸில் காட்டுகிறது. என் பேச்சை நம்புவார்களா, கம்ப்யூட்டரை நம்புவார்களா?"

கம்ப்யூட்டரைத்தான் நம்புவார்கள். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி, தரம் இறங்கிவிடும். ஆகவே லாரி நின்றதா, ஓடியதா என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம். பழி விழுவது பெரும்பாலும் ஸ்டீயரிங் பிடித்தவர் மேல்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னலைப் பிடித்து, அவை வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, கருவி இடத்தைச் சொல்கிறது. அந்த நேரக் கணக்கு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரம் 300 மீட்டர் பிசகும். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது நலிந்து போயிருக்கும். பக்கத்தில் இருந்து எவனாவது அதே அலைவரிசையில் சற்று உரக்கப் பேசினால், கருவி அவன் பேச்சைத்தான் கேட்கும். பொதுமக்களுக்கான வழக்கமான ஜிபிஎஸ் சிக்னலில் அனுப்பியது யார் என்று உறுதிசெய்யும் கையொப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை. அந்தக் காலத்துத் தோட்டப் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், வராதவன் பெயருக்கு வேறொருவன் குரல் கொடுப்பான். கணக்கெழுதும் கிராணி தலை நிமிராமலே பேர் போட்டுவிடுவார். இதுவும் அதே கதைதான்.

சிக்னலே வராமல் அடைப்பது ஒரு வகை. அமெரிக்காவில் நியூஜெர்சியில், முதலாளி தன்னைக் கண்காணிக்கக் கூடாதென்று ஓர் ஓட்டுநர் கம்பெனி வண்டியில் அப்படி அடைக்கும் ஜாமர் கருவி வைத்திருந்தார். நியூவர்க் விமான நிலையத்தில் விமானம் தரையிறங்க உதவும் கருவிகளை அது குழப்பிவிட்டது. 2013ல் அவருக்கு ஏறக்குறைய 32,000 டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. இங்கேயும் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சாமான் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் அலை பரப்புவது நம் நாட்டிலும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம்.

ஜாமர் போட்டால் பதிவு அறுந்து போகும். ஏதோ கோளாறு என்றாவது தெரியும். பொய் சிக்னல் அப்படியில்லை. எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும். 2017ல் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் திரைகள், அவை கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. நடுக்கடலில் இருக்கும் மாலுமிக்கு அது சிரிப்பு. லாரிக்காரருக்கு அந்த வசதி இல்லை. 2018ல் அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் 223 டாலர் செலவில் ஒரு கருவி கட்டி, சாலை வழிகாட்டியை மெல்ல மெல்லத் திசை திருப்ப முடியும் என்று காட்டினார்கள். ஓட்டுவது போன்ற கணினிச் சோதனையில் 40 பேரில் 38 பேர் சந்தேகப்படாமல் தவறான வழியிலேயே போனார்கள்.

அதற்காக, குலை லாரிக்குப் பின்னால் எவனும் டிரான்ஸ்மிட்டர் தூக்கிக்கொண்டு அலையப் போவதில்லை. இங்கே பொய்க்குச் சுலபமான வழிகள் இருக்கின்றன. கைப்பேசியையே கருவியாக வைத்து வேலை வாங்கும் கம்பெனியை, போலி இடம் காட்டும் ஒரு செயலி ஏமாற்றிவிடும். மலிவான கருவிகளின் கதை இன்னும் மோசம். மைக்கோடஸ் என்ற நிறுவனத்தின் எம்வி720 கருவியில் இருந்த ஓட்டைகளை 2022ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதில் முதலிலேயே போட்டுக் கொடுத்த கடவுச்சொல் 123456! வண்டி போகும் வழியை வெளியாள் பார்க்கலாம். வண்டியின் எரிபொருள் ஓட்டத்தையே நிறுத்தலாம். உங்கள் கருவிக்குக் கடவுச்சொல் என்னவென்று இன்றைக்கே பாருங்கள்.

தவறெல்லாம் பொய்யும் அல்ல. நம் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை மலைகளில் பட்டுத் திரும்பும் சிக்னலும், முற்றிய செம்பனை மட்டைகளின் மறைப்பும் இடத்தைச் சில பத்து மீட்டர் நகர்த்திவிடும். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற லாரி கோயில் வாசலில் நிற்பதாகக் காட்டலாம். அதற்காக யாரையும் திட்டக் கூடாது. ஐந்து கிலோமீட்டர் தாவினால்தான் கேள்வி.

நல்ல கருவி ஒரே சாட்சியை நம்பாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கைப்பேசிக் கோபுரம் பக்கத்தில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். சக்கரம் 60 கிலோமீட்டர் வேகம் என்கிறது, ஜிபிஎஸ் லாரி நிற்கிறது என்கிறது என்றால், அந்தப் பதிவு சந்தேகத்துக்குரியது என்று குறிக்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் மெனோரா சுரங்கம் சுமார் 800 மீட்டர் நீளம். உள்ளே வானம் கிடையாது, சிக்னல் அறுந்தாக வேண்டும். சக்கரக் கணக்கை வைத்து நல்ல கருவி சமாளித்துவிடும். மலைக்கு அடியில் ஓடும்போதும் எட்டுச் செயற்கைக்கோளை முழு பலத்தோடு பிடித்தேன் என்று ஒரு கருவி சொன்னால், நான் அந்தக் கருவியைத்தான் சந்தேகிப்பேன்.

ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் 2025 முதல் கையொப்பமிட்ட தகவலை முறைப்படி அனுப்புகின்றன. அதைச் சரிபார்க்கத் தெரிந்த கருவி வேண்டும். கார்கள் ஒன்றோடொன்று பேசும் முறையிலும் கையொப்பம் உண்டு. ஆனால் அந்தக் கையொப்பம், தகவலை அனுப்பியவர் யார் என்று காட்டுமே தவிர, அவர் சொல்லும் இடம் உண்மையா என்று காட்டாது. அங்கேயும் இரண்டாவது சாட்சி தேவைப்படுகிறது.

முதலாளிமார் கருவி வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: ஜிபிஎஸ் சொன்னதும் சக்கரம் சொன்னதும் தனித்தனியாகப் பதிவாகிறதா? ஆகவில்லை என்றால், அந்தப் பதிவை மட்டும் வைத்து ஒருவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். ஓட்டுநர் தம்பிகள், புறப்படும்போதும் ஆலை எடைமேடையிலும் ஓடோமீட்டரைப் படம் பிடித்து வையுங்கள். எடைச்சீட்டில் நேரம் அச்சாகியிருக்கும். அடுத்த சம்பளம் வரை அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.