பால் வெட்டும் அக்காவும் எட்டு ஷாட்டும்

[திரையில்: கன்னியாகுமரி சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை, மாத்தூர் தொட்டிப் பாலம். எல்லாமே ட்ரோன் காட்சிகள்.]

குரல்: நாலும் அழகாகத்தான் இருக்கிறது. சரி, இப்போது வரிசையை மாற்றிப் போடுகிறேன்.

[அதே காட்சிகள், பின்னிருந்து முன்னாக.]

ஏதாவது மாறியதா? இல்லை. வரிசையைக் கலைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அங்கே கதை இல்லை, ஆல்பம்தான் இருக்கிறது. நம்ம மாவட்டத்து ரீல்ஸ் பெரும்பாலும் இந்த ரகம்தான். கதை வேண்டுமென்றால், ஒரு ஷாட் பார்ப்பவரிடம் ஒரு கேள்வியைக் கிளப்ப வேண்டும். அடுத்த ஷாட் அதற்குப் பதில் சொல்லி, இன்னொன்றைக் கிளப்ப வேண்டும்.

கடலை விட்டுவிட்டுக் குலசேகரம் பக்கம் போவோம். ரப்பர் தோட்டம், மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும், அதாவது பால் வெட்டும் ஒரு அக்கா, மழை வருமோ என்றிருக்கும் ஒரு காலை. ஒரு நிமிடப் படம். ஷாட்டுக்கு ஒரு கட்டம் என்று முதலில் தாளில் வரைந்துகொள்வோம்.

[திரையில்: வெள்ளைத்தாளில் எட்டுக் கட்டங்கள். முதல் கட்டத்தில் பென்சில் கோடுகள்.]

முதல் ஷாட், வைட், அதாவது தூரத்திலிருந்து முழு இடமும் தெரியும் காட்சி. இருட்டில் வரிசையாக மரங்கள். ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி இடமிருந்து வலமாக நகர்கிறது. யார் அது? இரண்டாவது, மிட் ஷாட், இடுப்புக்கு மேலே. தலையில் டார்ச் கட்டிய அக்கா, கையில் கத்தி. இந்த இரண்டுக்கும் ஆறேழு வினாடி போதும்.

மூன்றாவதில் நிதானமாக இருங்கள். க்ளோசப். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை விரல்கள் நாடாவாக உரித்தெடுக்கின்றன. கத்தி மேலே இடது பக்கம் தொடங்கி, சரிவாக வலது பக்கம் இறங்குகிறது. பட்டை மெல்லிய சீவலாக உதிர, பின்னாலேயே வெள்ளைக்கோடு ஊறி வருகிறது. இதற்குப் பின்னணி இசை வேண்டாம், கத்தியின் சத்தமே போதும்.

நான்காவது, இன்சர்ட், அதாவது ஒரு பொருளை மட்டும் நெருக்கமாகக் காட்டி நடுவே சொருகும் ஷாட். பால் பிடிக்க மரத்தில் வைத்த காலிச் சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், முதல் சொட்டு.

ஐந்தாவதும் அதே சிரட்டைதான். அதே கோணம், அதே தூரம். ஆனால் முக்கால் சிரட்டை நிறைந்திருக்கிறது, வெளிச்சமும் வந்துவிட்டது. ‘இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு’ என்று எழுத்துப் போட வேண்டியதே இல்லை.

[திரையில்: நான்காவது, ஐந்தாவது கட்டங்கள் அடுத்தடுத்து.]

ஆறாவது, அக்காவின் முகம். தலை நிமிர்ந்து பார்க்கிறார். எதை? ஏழாவது, இலைகளுக்கு நடுவே கறுத்த வானம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சியே காட்டாத ஒரு நடிகரின் முகம். அதையடுத்து ஒரு தட்டு சூப் வந்தால் பசி, சவப்பெட்டி வந்தால் துக்கம் என்று பார்த்தவர்களே அர்த்தம் கொடுத்துக்கொண்டார்களாம். அதனால் அக்காவை நடிக்கச் சொல்லாதீர்கள். அவர் சும்மா மேலே பார்த்தால் போதும், கவலையை வானம் பார்த்துக்கொள்ளும்.

எட்டாவது, மறுபடி வைட். வாளியோடு வலமிருந்து இடமாக அவசர நடை. மழை பிடித்தால் மரத்தில் வழியும் தண்ணீர் சிரட்டைப் பாலை அடித்துக்கொண்டு போய்விடும். முதல் ஷாட்டுக்கு எதிர்த்திசையில் வருவதால், திரும்பி ஓடுகிறார் என்பது தானாகப் புரியும். ஒரு நிபந்தனை உண்டு. மர வரிசைக்கு ஒரே பக்கத்தில் நின்றுதான் கேமரா எடுக்க வேண்டும். தாண்டி மறுபக்கம் போனால் போகிற ஆளும் வருகிற ஆளாகத் தெரிவார்.

[திரையில்: மேலிருந்து பார்த்த தோட்டம். மர வரிசை, நடுவே சிவப்புக் கோடு, கேமரா ஒரு பக்கம்.]

இனி நடைமுறை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால் வெட்டு விடியும் முன்னே ஆரம்பித்துவிடும். டார்ச் திரும்பும்போதெல்லாம் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். திரையை அழுத்திப் பிடித்து அந்த வெளிச்ச அளவை, அதாவது எக்ஸ்போஷரை, லாக் செய்துவிடுங்கள்.

வெட்டிய மரத்தை மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். அது பட்டைக்குக் கேடு, அவருடைய வேலைக்கும் இடைஞ்சல். ஷாட் தவறினால் அடுத்த மரத்துக்குப் போங்கள். ஒருவரே ஒரு காலையில் 300 மரம் வரை வெட்டுவார், எல்லா வெட்டும் ஒரே பக்கம்தான் சரியும். ஐந்து மரத்தில் எடுத்ததை ஒரே மரம் என்று ஒட்டினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். சிரட்டை ஷாட்டுகளுக்கு மட்டும் ஒரே மரம், அங்கே ட்ரைபாடை அசைக்காதீர்கள்.

அப்புறம், பருவமழைக் காலத்தில் போனால், மழைத்தண்ணீர் பாலில் இறங்காமலிருக்க வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருப்பார்கள். ஊர்க்காரர் அதைப் பார்த்ததும் ‘பால் எங்கே போகப் போகிறது’ என்று கேட்டுவிடுவார், உங்கள் கதை அங்கேயே படுத்துவிடும். பிளாஸ்டிக் கட்டாத நாளில், கோடை மழை மிரட்டும் ஏப்ரல், மே பக்கம் போவது நல்லது.

எடிட்டில் உட்காரும்போது ஆறையும் ஏழையும் இடம் மாற்றிப் பாருங்கள். முதலில் கறுத்த வானம், அதன்பின் இன்னும் நிமிர்ந்தே பார்க்காமல் வெட்டிக்கொண்டிருக்கும் அக்கா. இப்போது மழை வருவது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பதற்றம் நம் பக்கம் வந்துவிடும். ஆனால் இதற்கு அவர் குனிந்து வேலை செய்யும் ஷாட் ஒன்று கூடுதலாக வேண்டும். ஒன்பதாவது கட்டத்தைத் தோட்டத்துக்குப் புறப்படும் முன்பே வரைந்துகொள்ளுங்கள்.