ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்: புகழும் திட்டும் எங்கேருந்து வருது?

வணக்கம் மக்களே, டர்பன்லேருந்து பேசுறேன். இன்னிக்கு அட் தி கேட்ஸ்ங்கிற ஸ்வீடன் மெட்டல் குழுவோட 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' ஆல்பம். பதிவானது ஸ்வீடன், கோத்தன்பர்க், ஃப்ரெட்மேன் ஸ்டுடியோ. வந்தது நவம்பர் 1995. பாட்டு 11, மொத்தமே 34 நிமிஷம். மெலோடிக் டெத் மெட்டல்னு, அதாவது உறுமுற குரலோட கிட்டார் மெட்டும் சேர்ந்த மெட்டல் வகைன்னு, பேச்செடுத்தா விமர்சகர்கள் முதல்ல எடுத்து நீட்டுற தட்டு இதுதான். ரசிகர்கள்கிட்ட போனா சண்டை.

திட்டுறவங்கள்ல ரெண்டு ரகம். ஒண்ணு, 1992ல வந்த முதல் ஆல்பத்தைப் பிடிச்சுக்கிட்டு விடாதவங்க. அதுல வயலின் உண்டு, ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) கோணல்மாணலா திரும்பும், பாட்டு எங்க போகுதுன்னே பிடிபடாது. அந்தக் கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் கிட்டாரிஸ்ட் ஆல்ஃப் ஸ்வென்சன். 1993 ஆல்பத்தோட அவர் கிளம்பிட்டாரு, பாட்டும் நேர்கோடாச்சு. "எளிமையாக்கிட்டாங்க"ன்னு இவங்க சொல்றது உண்மைதான். என் கணக்குல அந்தக் குறைப்புதான் இதோட பலம்.

இன்னொண்ணு, மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த மெட்டல்கோர் கேட்டு வளர்ந்தவங்க. "இதை எங்கயோ கேட்டிருக்கோமே"ம்பாங்க. கேட்டிருப்பீங்க, இங்கேருந்து எடுத்துட்டுப் போனதை! டார்க்கஸ்ட் ஹவர்ங்கிற குழு 2003 ஆல்பத்துக்காக அமெரிக்காவிலேருந்து அதே ஸ்டுடியோவுக்கே போனாங்க, இந்த ஆல்பத்தைத் தயாரிச்ச அதே ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம்கிட்ட. பாடுறதுக்கு அட் தி கேட்ஸ் பாடகர் தோமஸ் லிண்ட்பெர்கையும் கூப்பிட்டாங்க. பேரன் ஜாடையில இருக்காருன்னு தாத்தாவைக் குறை சொன்னா எப்படி?

"டிரம் ஒரே அடி"ங்கிற புகாருக்கு வருவோம். கிக், ஸ்னேர், கிக், ஸ்னேர்னு ஓடுது, சரி. கிளேர்வுட் கோயில் காவடியில தவில் ஒரே நடையில ஓடுறப்ப யாராவது அலுத்துக்கிறோமா? நடை நிக்குது, மேல நாயனம் நகருது. இங்க நாயனம் வேலையைக் கிட்டார் பார்க்குது. 'கோல்ட்' பாட்டை எடுங்க. அதுல சோலோ வாசிக்கிறது கிங் டயமண்ட்ங்கிற இன்னொரு மெட்டல் குழுவோட கிட்டாரிஸ்ட் ஆண்டி லாரோக். அந்த இடத்துல டிரம்மை விட்டுட்டு கிட்டாரை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க, புகார் பாதியா குறைஞ்சிடும்.

"சத்தம் மெலிசு, கரகரன்னு இருக்கு"ன்னு எழுதுறவங்க முக்கால்வாசிப் பேர் ஃபோன் ஸ்பீக்கர்லதான் கேட்டிருப்பாங்க. கிட்டாரோட அடிக்கம்பியை வழக்கமான ஈ சுரத்திலேருந்து பி (B) சுரம் வரைக்கும் இறக்கியிருக்காங்க. அடிக்கம்பியோட அடிப்படை அதிர்வு 62 ஹெர்ட்ஸ் கிட்ட வரும். ஃபோன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழ இறங்காது. உங்க காதுக்கு வர்றது மேல இருக்கிற கரகரப்பு மட்டும். சாதாரண இயர்ஃபோன் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்து, ஷஃபிளை அணைங்க, ஒரு பாட்டு முடிவையும் அடுத்ததோட தொடக்கத்தையும் கலக்குற கிராஸ்ஃபேடை பூஜ்யத்துல வைங்க. அஞ்சாவதா வர்ற 'இன்டு தி டெட் ஸ்கை' குரல் இல்லாத சின்ன துண்டு, மூச்சு வாங்கிக்க வச்சது. அதை இடம் மாத்தினா முதல் பாதியும் ரெண்டாம் பாதியும் ஒரே இரைச்சலா ஒட்டிக்கும். முதல் ஆல்பத்தோட ஒப்பிடணும்னா எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவர்ற வால்யூம் நார்மலைசேஷனைப் போட்டுக்கோங்க. இல்லைனா சத்தம் கூடுனது நல்லாருக்குன்னு காது ஏமாறும்.

விமர்சனம் படிக்கிறப்ப தேதியைப் பாருங்க. 1996லயே குழு கலைஞ்சுது, 2008ல மேடைக்குத் திரும்பினாங்க. அதுக்கு அப்புறம் எழுதுனதுல 'மேதைகள்'ங்கிற தொனி தூக்கலா இருக்கும். லிண்ட்பெர்க் 2025 செப்டம்பர்ல காலமானாரு. அந்தச் சமயத்துல எழுதுனதெல்லாம் அஞ்சலி, மதிப்பெண்ணா எடுத்துக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. "முடிவு இழுவை"ன்னு ஒரு புகார் வரும். 2002 மறுபதிப்புல ஆறு பாட்டு கூடுதலா ஒட்டியிருக்காங்க. அதுல ஸ்லேயர்ங்கிற இன்னொரு குழுவோட பாட்டு ஒண்ணு, டெமோ (முன்மாதிரிப் பதிவு) ரெண்டு. ஆல்பம் முடியறது 11ஆவது, 'தி ஃப்ளேம்ஸ் ஆஃப் தி எண்ட்'. அது குரல் இல்லாம மெதுவா அணையும். அங்கேயே நிறுத்திடுங்க. டெமோவை நாளைக்குக் கேட்டுக்கலாம்.