ஆயிரம் பீடி நானூறு ஆனபோது

(குடியாத்தத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் பேசியது)

அம்மாமார்களே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

வகுப்பில் ஒரு பையன் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் போதும், பக்கத்திலிருப்பவன் "இவனைப் பாகாயத்துக்கு அனுப்புங்கடா" என்பான். மனநல ஆஸ்பத்திரி என்றால் சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், நமக்கு வேலூர் பாகாயம். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். என் அக்காவுக்கு மனச்சோர்வு நோய் வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அக்கா பீடி சுற்றுகிறவள். ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றுவாள், கூடவே ஊர்க்கதையும் ஓடும். அது எண்ணூறு ஆயிற்று, அப்புறம் நானூறு. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். "மனசு சரியில்லை" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தலைவலி, நெஞ்சில் படபடப்பு, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, இவ்வளவுதான் சொன்னாள். ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் பார்த்தோம். எல்லாம் நார்மல். நார்மல் என்றதும் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது பாருங்கள்: "வேலை செய்யச் சோம்பல்." அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப் போகிற சோளிங்கர் மலைக்கோவிலுக்குப் போனோம். தக்கான் குளத்தில் குளிக்க வைத்தோம், மலையேற்றினோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் யாராவது ஒருவர் அவள் பக்கத்திலேயே இருந்தோம் இல்லையா? மலைக்குப் போகிறவர்கள் போங்கள். மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மா. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதாக்கா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பி விடுகிறோமோ என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் வராது என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அக்கா ஒரு மணி நேரம் அழுதாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய் திறந்து பேசினாள்.

பாகாயத்துக்குத்தான் கூட்டிப் போனோம். கம்பிக்கதவும் சங்கிலியும் இருக்கும் என்று நினைத்துப் போனவன் நான். 1957இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அங்கே மனநல மையம் தொடங்கிய காலத்திலிருந்தே நோயாளியோடு வீட்டாரையும் தங்க வைத்துத்தான் வைத்தியம். மாமாவும் நானும் மாறி மாறித் தங்கினோம். எங்களுக்கும் பாடம் நடந்தது, வாத்தியாருக்கே வகுப்பு! மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், கொஞ்சம் தேறியதும் நாமாக நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அங்கே கற்றதுதான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து விஷயத்தை மூடி மறைக்கும் வீடுகள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. தைரியமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

செலவுக்குப் பயமா? அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குத் தாங்க முடியவில்லையா? 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எங்கள் அக்கா அந்த எண்ணை முறத்தின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். தெருவில் நாலு பேர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்போது அவள் எழுநூறு சுற்றுகிறாள். ஆயிரம் வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார்.