இரண்டு டிஸ்க் மாட்டினால் இரண்டு நகல் கிடைத்துவிடுமா?

[காட்சி: மன்னார்குடி ஹரித்ராநதி, பழைய ஃபிலிம் படங்கள் ஒவ்வொன்றாக]

வணக்கம். இது ஹரித்ராநதியின் ஆனித் தெப்பம். எங்கள் பெரியப்பா வருடா வருடம் எடுத்த படங்கள். நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டிய லினக்ஸ் கணினியில், பட்டர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறைமையில், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாட்டில், வைத்திருந்தேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்ற நம்பிக்கை.

ஒன்று போனது. மீதி டிஸ்க்கை வைத்துத் திறந்தேன். ஃபோல்டர்கள் அப்படியே இருந்தன, ஒவ்வொரு படத்தின் பெயரும் தேதியும் இருந்தது. திறந்தால்தான் ஏறக்குறைய பாதிப் படங்களுக்குப் பிழைச் செய்தி. ஆனால் பெரியப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த நாலு வரிக் குறிப்புகள் அத்தனையும் பிழைத்திருந்தன.

ஏன் இப்படி?

[காட்சி: வயலின் படம், பக்கத்தில் ஒரு பட்டா]

ஒரு கோப்பு முறைமையில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று தரவு, அதாவது படமே. இன்னொன்று மெட்டாடேட்டா: பெயர் என்ன, எந்த ஃபோல்டர், டிஸ்க்கில் எந்த இடம் என்ற பதிவு. நிலமும் பட்டாவும் மாதிரி. பட்டர்எஃப்எஸ் இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு அளவு வைக்கிறது. அதைப் புரொஃபைல் என்பார்கள். இரண்டு டிஸ்க்கில் நாம் எதுவும் சொல்லாமல் புதிதாக உருவாக்கினால், மெட்டாடேட்டாவுக்கு ரெய்டு 1, அதாவது டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு நகல். தரவுக்கோ சிங்கிள், ஒரே ஒரு நகல். கொள்ளிடக் கரை அரித்து நிலம் போன பிறகும் பட்டா கையில் இருக்குமே, என் நிலை அதுதான். குறிப்புகள் தப்பியதற்கும் காரணம் இதுவே: 2048 பைட்டுக்குள் அடங்கும் சின்னக் கோப்புகளை வழக்கமாக மெட்டாடேட்டாவுக்குள்ளேயே எழுதிவிடுகிறது.

நெகட்டிவ்கள் இருந்ததால் மறுபடி ஸ்கேன் செய்தேன். பூசணம் பிடித்துவிட்ட சில சுருள்களை மட்டும் மீட்க முடியவில்லை. அந்த வருத்தம்தான் இந்த வீடியோ.

[காட்சி: இரண்டு டிஸ்க், கட்டம் கட்டமாக நிறைகிறது]

சரி, இடம் எப்படிப் பிரிகிறது? பட்டர்எஃப்எஸ் டிஸ்க்கை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. சங்க் என்ற துண்டுகளாக எடுக்கிறது. தரவுக்கு ஒரு துண்டு பொதுவாக 1 ஜிபி. ரெய்டு 1 என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் இடம் பிடிக்கும், எதில் காலி அதிகமோ அதில் முதலில். ஐந்து டிஸ்க் மாட்டினாலும் நகல் இரண்டுதான். மூன்று நகல் வேண்டுமானால் ரெய்டு 1 சி 3 என்ற தனிப் புரொஃபைல், லினக்ஸ் 5.5 முதல் இருக்கிறது.

அளவு வேறுபட்ட டிஸ்க்குகளையும் சேர்க்கலாம். 4 டிபி ஒன்று, 2 டிபி இரண்டு என்றால் ரெய்டு 1-இல் 4 டிபி கிடைக்கும். அதே 4 டிபியோடு 1 டிபி இரண்டு சேர்த்தால் 2 டிபிதான். பெரிய டிஸ்க்கின் மீதிக்கு ஜோடி கிடையாது.

[காட்சி: வெண்ணாற்றுப் பாசன வாய்க்கால், மதகு திறக்கிறது]

இப்போது முக்கியமான இடம். புரொஃபைல் என்பது எங்கோ ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்த விதி அல்ல. புதுத் துண்டு வேண்டும்போது, ஏற்கெனவே இருக்கும் துண்டுகள் எந்த வகை என்று பார்த்து அதே வகையில் எடுக்கிறது. ஆகவே பின்னால் ஒரு டிஸ்க் சேர்த்தால் இடம் கூடும், நகல் கூடாது. புது வாய்க்கால் வெட்டியதும் வயலில் நிற்கிற தண்ணீர் தானாக அதற்குத் திரும்பாதே. திருப்பிவிடும் வேலைக்குப் பெயர் பேலன்ஸ். தரவு, மெட்டாடேட்டா இரண்டுக்கும் ரெய்டு 1 என்று கொடுத்து ஓட்டினால், ஒவ்வொரு துண்டாகப் படித்துப் புது வகையில் எழுதும். பெரிய டிஸ்க்கில் நாள் கணக்கில் ஆகலாம்.

நடுவில் கரண்ட் போனால்? நம் பக்கம் மழைக்காலத்தில் இதைக் கேட்டே ஆக வேண்டும். பயப்பட வேண்டாம், அடுத்த முறை மவுண்ட் செய்ததும், அதாவது கோப்பு முறைமையைக் கணினியோடு இணைத்ததும், விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்களே ரத்து செய்தால்தான் சிக்கல்: சிங்கிளும் ரெய்டு 1-உம் கலந்து கிடக்கும். முழு நகலுக்குப் பதிலாக, இழந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டி என்ற தகவலை வைக்கும் ரெய்டு 5, 6 பக்கம் மட்டும் போகாதீர்கள். எழுதும் நடுவே மின்சாரம் நின்றால் அந்தப் பாரிட்டி தரவோடு பொருந்தாமல் போகும் குறை அவற்றில் இன்னும் இருக்கிறது.

[காட்சி: கணினித் திரை]

இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்து, டிகிரேடட் நிலையில், அதாவது அந்த டிஸ்க் இல்லாமலே, தொடர்ந்து எழுதினால், ஜோடி இல்லாததால் புதுத் துண்டுகள் சிங்கிளாக உருவாகும். புது டிஸ்க் மாட்டி, செத்ததன் இடத்தில் அதை வைக்கும் ரிப்ளேஸ் வேலையை முடித்த பிறகும் அவை சிங்கிளாகவே நிற்கும். அதனால் புரொஃபைலை மாற்றச் சொல்லும் கன்வர்ட் என்ற தெரிவோடு சாஃப்ட் என்றும் சேர்த்து ஒரு பேலன்ஸ்; ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாமல், மாறாதவற்றை மட்டும் மாற்றும். அப்புறம் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் கட்டளையைக் கொடுத்து, டேட்டா என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். இதோ, என் கணினியில் இப்போது ஒரே வரி: டேட்டா, ரெய்டு 1.