4 மெழுகுவர்த்தி, 24 பொட்டலம்

நேயர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் என்றதும் எல்லோருக்கும் டிசம்பர் 25தான் கண்முன் நிற்கிறது. அந்த ஒரு நாளுக்காக மாதம் முழுக்க ஓடிக் களைத்து, அன்று மதியமே சுருண்டு படுத்துவிடுகிற வீடுகள் நிறைய. இன்று நான் பேச வந்தது 25ஐப் பற்றி அல்ல, அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. தினமும் கால் மணி நேரம் கிடைத்தால் போதும். ஆனால் எந்தச் சின்ன வழக்கமும் 24ஆம் தேதி வரை தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், அதற்கு ஓர் அளவு வேண்டும். பத்தாம் தேதியோடு பிசுபிசுத்துப் போகிற வழக்கங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அளவில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் நாட்கணக்கு. திருவருகைக் காலம், அதாவது அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலாவது ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அதனால் அது நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்தத் தேதியிலும் வரலாம். 2022இல் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமை. முழுசாக 28 நாள் கிடைத்தது. அடுத்த ஆண்டே நாலாவது ஞாயிறு டிசம்பர் 24இல் வந்து நின்றது. மொத்தம் 22 நாள்தான். நாலாவது வாரத்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். சில ஆண்டுகளில் அந்த வாரம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

இந்த நாட்களை எண்ணத்தான் மெழுகுவர்த்தி வளையம் வந்தது. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் என்ற போதகர் ஒரு வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி வைத்தார். வார நாட்களுக்குச் சின்னச் சிவப்பு, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை. கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ என்று நச்சரித்த பிள்ளைகளுக்கு, விடையைக் கண்ணாலேயே எண்ணிக்கொள்ளக் கொடுத்துவிட்டார். பிற்பாடு அது நாலு மெழுகுவர்த்தியாகச் சுருங்கி, பச்சை இலை சுற்றிய வளையமாக வீடுகளுக்குள் வந்தது. முதல் ஞாயிறன்று ஒன்று, அடுத்த ஞாயிறன்று இரண்டு என்று ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள். கத்தோலிக்க வழக்கில் மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறத்தை மூன்றாம் ஞாயிறன்று, மகிழ்ச்சி ஞாயிறன்று, ஏற்றுவார்கள். சில சபைகளில் நான்கும் நீலம். நடுவில் ஒரு வெள்ளை வைத்து அதைக் கிறிஸ்துமஸுக்கு ஏற்றுவதும் உண்டு.

வீட்டில் தினமும் ஏற்றுவதாக இருந்தால் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 2026ஐ எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை, முதல் ஞாயிறு நவம்பர் 29. அன்றிலிருந்து 24 வரை 26 மாலைகள். முதல் மெழுகுவர்த்தி 26 மாலையும் எரிய வேண்டும். இரண்டாவது 19, மூன்றாவது 12, நாலாவது வெறும் 5. இரண்டு செ.மீ. தடிமன் உள்ள ஒல்லியான மெழுகுவர்த்தி மணிக்கு ஏறக்குறைய இரண்டரை செ.மீ. கரையும். 25 செ.மீ. உயரத்தில் வாங்கி, மாலைக்குக் கால் மணி நேரம் எரித்தால், 24ஆம் தேதி இரவு முதலாவது 9 செ.மீ.யில் நிற்கும், அடுத்தடுத்து 13, பதினேழரை, 22. அழகான படிக்கட்டு! அதையே 20 நிமிடமாக்கினால் முதலாவது 3 செ.மீ.க்கு இறங்கிவிடும். அதில் 2 செ.மீ. தாங்கிக் கிண்ணத்துக்குள் போய்விடுகிறது. மிச்சம் ஒரு செ.மீ., அதன் மேல் சுடர், பக்கத்திலேயே காய்ந்த இலை. வெறும் ஐந்து நிமிட வித்தியாசத்தில் ஆபத்து வந்து உட்கார்ந்துவிடும். சுடருக்கும் இலைக்கும் நடுவே எப்போதும் 5 செ.மீ.யாவது இருக்கட்டும், அதற்குக் கீழே இறங்கினால் தயங்காமல் புதுசு மாற்றுங்கள்.

பார்க்க நன்றாக இருக்கிறதே என்று தடித்த மெழுகுவர்த்தியை வாங்கிவிடுகிறோம். தினமும் கால் மணி நேரம் ஏற்ற அது சரிப்படாது. ஏழரை செ.மீ. அகலம் உள்ளதில் மேல்மெழுகு விளிம்பு வரை உருக மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குள் அணைத்தால் நடுவில் மட்டும் கிணறு மாதிரி குழி விழும். அடுத்த தடவையும் அதே குழிதான் ஆழமாகும். நாலாம் நாள் திரி உருகிய மெழுகில் மூழ்கிச் செத்துப்போகும். தடித்ததை ஞாயிறு மாலைகளில் மட்டும், அதுவும் நிதானமாக மூன்று மணி நேரம் உட்கார முடிகிறவர்கள் ஏற்றலாம். எதுவானாலும் ஏற்றும் முன் திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள், நீண்ட திரி புகைந்து கரி கக்கும். ஒரு பக்கமாகவே வழிகிறதென்றால் மெழுகைத் திட்டாதீர்கள், ஜன்னலையோ விசிறியையோ பாருங்கள். காற்று சுடரைச் சாய்க்கிறது, சாய்ந்த பக்கம் உருகுகிறது, அவ்வளவுதான். அணைக்கும்போது ஊதினால் மெழுகு மேசையெல்லாம் தெறிக்கும். சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினால் சத்தமில்லாமல் அணையும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அணைக்கும் வேலைக்குத்தான் சண்டை நடக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வளையத்துக்கு இலை கட்டும்போது, 10, 12 செ.மீ. நீள இணுக்குகளாக நறுக்கி, ஓர் இரவு தண்ணீரில் நிறுத்திவையுங்கள். மூன்று நாலு இணுக்கைச் சேர்த்து வளையத்தின் மேல் வைத்து, மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்றவும். அடுத்த கொத்து முந்தையதன் காம்பை மூட வேண்டும். சுற்றிலும் ஒரே திசை. எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் இரண்டு வாரத்தில் பச்சை காயத் தொடங்கும். மூன்றாம் ஞாயிறன்று இலையை மட்டும் மாற்றிவிடுவதாக முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தொட்டால் உதிரும் இலைக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

அடுத்தது ஜன்னல் நட்சத்திரம். விளக்குப் போட்ட நட்சத்திரத்தைக் கடையில் வாங்கலாம். இதை நம் கையால்தான் செய்ய வேண்டும், சுகமே அதில்தான். பட்டம் ஒட்டும் மெல்லிய வண்ணத்தாளில் 10 செ.மீ. சதுரம் எட்டு. சதுரத்தை மூலைவிட்டமாக மடித்துப் பிரியுங்கள். ஒரு மூலையின் இரு பக்கத்து ஓரங்களையும் அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால் பட்டம் போல ஒரு வடிவம் வரும். ஒரு முனை கூர்மை, எதிர்முனை அகலம். எட்டையும் இப்படி மடித்து வைத்துக்கொண்டு, அகலமான முனைகள் நடுவில் ஒரே புள்ளியில் சேரும்படி ஒட்ட வேண்டும். புதுத் துண்டின் ஓரம் முந்தைய துண்டின் நடுக்கோட்டில் சரியாகப் படுக்கட்டும். எட்டாவது துண்டின் பாதி, முதல் துண்டுக்கு அடியில் நுழையும். முடித்தால் முனைக்கு முனை 28 செ.மீ. வரும், அதற்கேற்ற கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் தப்பு நடப்பது மடிப்பில்தான். ஒவ்வொரு துண்டிலும் ஒரு டிகிரி விலகினால் கடைசியில் எட்டு டிகிரி இடைவெளி வாயைப் பிளக்கும். நகத்தால் மடிப்பை அழுத்தித் தேயுங்கள். பசை ஒரு பொட்டு போதும். மேசையில் தெரியாத பசைக்கறை, ஜன்னலில் வெளிச்சம் பட்டதும் பூதாகாரமாகத் தெரியும். சரியாக அமைந்துவிட்டால், தாள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இடமெல்லாம் நிறம் கருத்து, பெரிய நட்சத்திரத்துக்குள் இன்னொரு சின்ன நட்சத்திரம் எழும். கணக்குப் பாடத்துக்கும் நட்சத்திரத்துக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மொராவிய சபைப் பள்ளிகளில் வடிவியல் பயிற்சியாகச் செய்த தாள் நட்சத்திரம்தான் இன்று ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

24 பொட்டலங்கள் பற்றி. காலித் தீப்பெட்டிகள் இருபத்து நாலை அடுக்காக ஒட்டி எண் எழுதினால் போதும். டிசம்பர் 1இல் தொடங்கி நாளுக்கு ஒன்று திறப்பது. இருபத்து நாலிலும் பொருள் வைக்கக் கூடாது என்பேன். அலுத்துவிடும், செலவும் கையைக் கடிக்கும். எட்டில் ஏதாவது சின்னப் பொருள் வையுங்கள். மீதியில் சீட்டு: ‘இன்று விளக்கெல்லாம் அணைத்துவிட்டு ஒரு கதை’, ‘தாத்தாவுக்குப் போன்’, ‘ஒரு வாழ்த்து அட்டை எழுதி முகவரியும் எழுதுவது’. நேரம் பிடிக்கிற சீட்டு சனி, ஞாயிறில் வரட்டும். இல்லாவிட்டால் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சீட்டைத் திறந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்பீர்கள். அன்றோடு அந்த வழக்கம் முடிந்தது. இரண்டு பிள்ளைகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்துக்கொண்டால் 24 எப்போதும் இரட்டைப்படைக்காரருக்கே போகும். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வது என்று எழுதியே வைத்துவிடுங்கள். மூன்று பேர் என்றால் ஆளுக்கு எட்டு, வம்பில்லை.

குடிலுக்கு வருவோம். 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்து அமைத்த காட்சியைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஒரே மாலையில் எல்லாவற்றையும் அடுக்கி முடிப்பது எனக்கு ஒப்பாத காரியம். முதல் வாரம் மண்ணும் காலித் தொழுவமும் மட்டும். இரண்டாம் வாரம் கால்நடைகள். மூன்றாம் வாரம் இடையர்கள், கடைசியில் மரியாவும் சூசையும். மூன்று ஞானிகள் வீட்டின் எதிர்ப்பக்க அலமாரியிலிருந்து கிளம்பி, நாளுக்கு ஒரு சாண் நகர்ந்து, ஜனவரி 6க்குத்தான் வந்து சேர வேண்டும். தொழுவத்தின் வாசல், இருப்பதிலேயே உயரமான உருவத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும். சின்ன உருவங்களைப் பின்னால் வைத்தால் தூரம் தெரியும். விளக்கு ஒன்றே ஒன்று, மஞ்சள் ஒளி, முன் விட்டத்துக்குப் பின்னால் மறைத்து. மின்னி மின்னி அணைகிற சரவிளக்கைத் தயவுசெய்து வேறெங்காவது மாட்டுங்கள்.

தீவனத் தொட்டி மட்டும் காலியாகவே இருக்கும். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் அதில் ஒரு வைக்கோல் துண்டு. குழந்தை இயேசுவை 24ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்பார்கள். அதுவரை அந்த உருவத்தை ஓர் உறையில் போட்டு, வைத்த இடத்தைக் குடில் பெட்டியின் மூடிக்கு உட்புறம் எழுதிவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒளித்து வைத்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு வீடே அலமாரி அலமாரியாகத் தேடுவது ஒவ்வொரு ஆண்டும் எங்கோ ஒரு வீட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.